கணக்கெடுப்பு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வாலிநோக்கத்தில் பஸ் இறங்கி மேற்கே நடப்பேன்.
பையில் கருவி, ஒரு பேனா,
நாய்களுக்காக நாலு வறுக்கி.

மீட்டரில் எண் வரும்.
எது எரிந்து வந்தது என்று வராது.
வெயிலா, காற்றாலையா,
வழுதூரில் பூமிக்கடியிலிருந்து ஏறிய வாயுவா,
கப்பலில் வந்து இறங்கிய நிலக்கரியா,
எல்லாம் ஒரே யூனிட்.
எல்லாமே அதே சிவப்புப் பொட்டாய்
சிமிட்டுகிறது.

உப்பளத்து மோட்டார் அறையில் களஞ்சியம் கேட்டான்:
"கடல் தீருமா மேடம்?"
தீராது என்றேன்.
"அப்ப உவர்த்தண்ணி போரு மட்டும்
வருசத்துக்கு இருபதடி ஏன் கீழ போகுது?"
வாசித்தேன்:
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

கடைசி வீடு நம்புக்கனி.
விடியுமுன், தகடு சுடுவதற்குள்,
சோலார் பண்ணையில் தூசி கழுவப் போகிறாள்.
லாரித் தண்ணீர்தான்.
அதே லாரி ஊருக்குள் திரும்பினால்
குடம் பன்னிரண்டு ரூபாய்.

அவள் வீட்டுக்காரர் உமையணனுக்குக்
கண்மாயில் கரிமூட்டம்.
சீமைக்கருவேலம்.
வெட்டினால் தளிர்க்கும்,
வெட்டாவிட்டாலும் தளிர்க்கும்,
மழை பொய்த்த வருடம் இன்னும் நன்றாய்.
தீராத வளம், தீரும் வளம் என்று
பள்ளிக்கூடத்தில் இரண்டு பத்தி பிரித்து எழுதினோம்.
தீர்ந்து தொலையட்டும் என்று
ஊரே வேண்டிக்கொள்கிற இதை
எந்தப் பக்கம் எழுதுவது?

மூட்டம் பன்னிரண்டு நாள் புகையும்.
கச்சான் காற்று திரும்பினால்
புகை நேரே பண்ணைக்குப் போகும்,
நீலத் தகடுகளின் மேல்
சுருமா மாதிரி படியும்.

"அவரு விடுற கரியத்தான் மேடம்
நான் கழுவுறேன்"
சிரித்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.
"கம்பெனிக்குத் தெரியாது.
தெரிஞ்சா மூட்டத்தை அணைக்கச் சொல்லுவாக.
அணைச்சா தகடு சுத்தமா இருக்கும்.
சுத்தமா இருந்தா
நான் எதுக்கு?"

கருவியில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முப்பத்தெட்டு யூனிட்.
நூறுவரை இலவசம்.
கட்ட வேண்டிய தொகை என்ற இடத்தில்
சைபர் போட்டேன்.
வேலிக்கு அந்தப்பக்கம்
பொழுது சாயச் சாய
தகடுகள் ஒவ்வொரு வரிசையாய் மங்கின.

குடிக்க என்ன வேண்டும் என்றாள்.
தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
அரைச் செம்பு கொண்டுவந்தாள்.
மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அட்டையை வாங்கிச் சரிபார்த்த உமையணன்
கட்டைவிரலை எண்ணின் மேலேயே வைத்துவிட்டார்.
அடுத்த முறை வந்து பார்க்கும்போது
அந்தக் கடைசி இலக்கம்
எட்டா, மூன்றா,
என் கையெழுத்து எனக்கே தெரியவில்லை.