வாளையாருக்கு இப்புறம், மனை எண் 41

பள்ளி ஐந்து நிமிடம், ஆஸ்பத்திரி பத்து என்றார்
புரோக்கர் திருமூர்த்தி. எந்த வண்டியில் என்று சொல்லவில்லை.
வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடத்தில்
டிரான்ஸ்பார்மர். அதன் நிழலில் ஒரு நாய்.
பாக்கெட் பால் மில்மா.
லாட்டரி வேண்டுமென்றால் செக்போஸ்ட் தாண்டி நடக்கணும்.

பின் அறைக்குப் போனால் கைபேசி
கேரளத்துக்கு வரவேற்கிறது, ஹாலில் மறுபடி தமிழ்நாடு.
சண்டை வந்தால்
ஆளுக்கொரு மாநிலத்தில் படுத்துக்கொள்வோம்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று.
ராத்திரி ரெண்டரைக்கு, காட்டுக்குள் நுழையுமுன்
ரயில் மெதுவாகும், யானை குறுக்கே வரலாம் என்று.
சக்கரங்களை எண்ணிவிடலாம்போல் கேட்கும்.
ஹேமாம்பிகா எழுந்து உட்காருவாள்.
கடைசிப் பெட்டி போகும்வரை பேச்சில்லை.
ஹாரன் கேட்கவில்லை என்றால்
"கடந்திருக்கும்" என்பாள்,
போர்வையை என் பக்கமும் இழுத்துவிட்டு.