ஏழாம் பதிப்பு

த்பிலிசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
மேலே போக இருபது தெத்ரி கேட்கும்.
இறங்கக் காசில்லை.
செவ்வாய் மாலை ஆறு மணிக்குச்
சில்லறை உள்ளவர்கள் முதலிலும்
மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டும்
ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்வார்கள்.

மேசையில் பாலாடை ரொட்டி,
எண்ணெய்க் கறை படிந்த தாள்கள்,
இருநூற்றுப் பதினொரு சொற்கள்.
இணையத்தை யார் ஆள்வது என்று
உலகம் எங்கோ கூடிப் பேசும்போது
எங்கள் ஆட்கள்
கையை உயர்த்திவிட்டு வார்த்தை கிடைக்காமல்
நிற்கக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏடு.
நான் இதன் காப்பாளன்.
அதாவது காற்புள்ளிகளுக்குப் பொறுப்பு.

வேருக்கு மட்டும் மூன்று குளிர்காலம் போயிற்று.
பொறியாளர் வாஜா ‘ட்ஸிரி’ என்கிறார்:
அடி, அடிப்பாகம், பானையின் அடியும் அதுவே.
வக்கீல் நஸிப்ரோலா ‘பெஸ்வி’ என்கிறார்:
மண்ணுக்குள் போவது, தண்ணீர் தேடுவது.
“வரைபடத்தில் அது உச்சியில் அல்லவா இருக்கிறது?”
என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டேன்.
இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.
மூன்று குளிர்காலத்தில் அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு நொடிதான்.

‘கருத்தொருமை’க்கு எதிரே இன்னும் வெற்றிடம்.
அதற்கு விளக்கம் வேண்டும் என்பதில்
யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

போன செவ்வாய் நூற்று நாற்பதாவது பதிவு.
இந்தப் பெயருக்கு இந்தச் சர்வர்தான் பொறுப்பு என்று
மேலிருந்து கைகாட்டிவிடுகிறார்கள்.
போய்க் கேட்டால் அது வாய் திறப்பதில்லை,
அல்லது, எனக்கொன்றும் தெரியாது என்கிறது.
துறைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர்
நொண்டி ஒப்படைப்பு.
நாங்களும் ‘கோச்லி’ என்று அப்படியே பெயர்த்து
இரண்டாம் பதிப்பிலிருந்து சுமந்து வருகிறோம்.

வாஜா அதை வாசித்துக்கொண்டிருக்கையில்
கதவு திறந்தது. சியூரி.
கெவ்சுரேத்தி மலையில் எட்டு ஊர்களுக்கு
ஆன்டெனா ஏற்றி இணையம் கொடுப்பவர்.
பிறவியிலேயே இடுப்புக் கோளாறு, அலுமினியக் கைத்தடி.
சில்லறை இல்லையாம், ஐந்து மாடியும் படி.
தொப்பியில் பனி உருகிச் சொட்ட
“ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்றார்.
வாஜா ரொட்டியைப் பார்த்தார்.
தாளை அவரே இழுத்துப் படித்தார்.

“இது என்ன செய்யும்?”
“கூப்பிட்டால் பதில் தராது.”
“கூப்பிட்ட குரலுக்கு நான் வந்துவிட்டேனே.”

யாரும் பேசவில்லை.
“மனம் புண்பட்டது என்று சொல்லவில்லை, வாஜா.
விளக்கம் தப்பு என்கிறேன்.”
மிச்ச ரொட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார்.

பிறகு தொடங்கியது வேலை.
‘ஊமை’ என்றேன். நஸிப்ரோலா தலையாட்டினார்:
அப்புறம் அதற்கும் ஒருவர் படியேறி வருவார்.
‘செத்த’ என்றார் ஒருவர்.
சாகவில்லை, சில நாள் எழுந்து உட்காரும் என்றார் வாஜா.
எட்டே முக்காலுக்கு மீந்தது
‘பதில் வராத ஒப்படைப்பு.’
“அழகில்லை” என்றார் வாஜா.
“என் ஆன்டெனாவும்தான்” என்றார் சியூரி.

பழைய சொல்லைத் துடைத்தெறிய முடியாது.
பத்து வருடக் கோப்புகளில் அது உட்கார்ந்திருக்கிறது.
எனவே கோச்லி, பார்க்க: நூற்று நாற்பது.
அதைத் தேடி வருபவருக்கு
வழி சொல்லவாவது அது அங்கே இருக்கட்டும்.

எல்லோரும் போன பின்
விளக்கை அணைக்காமல்
‘பார்க்க’ என்று கைகாட்டும் பதிவுகளை
ஒவ்வொன்றாய்ப் போய்ப் பார்த்தேன்.
மூன்று இடத்தில் யாருமில்லை.
ஐந்தாம் பதிப்பில்
நானே நீக்கிய சொற்கள்.

பதினொன்றரைக்குக் கீழே இறங்கினேன்.
லிஃப்ட் எதுவும் கேட்கவில்லை.