ஈரச்சாக்கு

நோட்டீஸ் கோத்தகிரிக்கு வந்தபோது
தைல அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
'ஈரம் தக்கவைக்கும் நார்ப்போர்வை சூழ்ந்த ஆவிக்குழாய்':
இருபது வருடத்துக்கு அந்தக் கம்பெனியின் காப்புரிமையாம்.
பெள்ளிராஜ் இரண்டு முறை படித்துவிட்டுக்
குழாயைப் பார்த்தான்.
சாக்கு.
உருளைக்கிழங்கு மண்டி முத்திரை
இன்னும் அழியாத சாக்கு.

எல்லாக் கொட்டகையிலும் இருக்கிறதே என்றேன்.
எழுத்தில் இருக்கிறதா, தேதியோடு? என்றார் வக்கீல்.
பரிசோதித்த அதிகாரி காகிதத்தில்தான் தேடுவாராம்;
பஸ் ஏறி வந்திருந்தால்
மூக்கே வழி சொல்லியிருக்கும்.

கடைசியில் காவல் நிலையத்தில் கிடைத்தது,
தொண்ணூற்று நாலில் தீப்பிடித்த வழக்கு:
'குழாயில் சுற்றிய நனைந்த கோணி மட்டும் எரியவில்லை.'
ஏட்டு மரியசூசையின் கையெழுத்து,
அடித்தல் திருத்தலோடு.

எதிர்ப்பு மனுவில் அதை இணைத்தோம்.
சாக்கு காய்ந்துகொண்டிருந்தது.
ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன்.
குற்றமா இல்லையா,
தீர்ப்பு வரட்டும்.