இழப்பு மதிப்பீடு: உருப்படி பதினான்கு

வெள்ளம் வடிந்து ஆறாம் நாள்.
டத்தோ கிராமட் சாலைக் கடைவீட்டில்
ரப்பர் பூட்ஸ் சளக்சளக்கென முன்னால் கூ பெங் ஹோக்,
படிவமும் அளவு நாடாவுமாய்ப் பின்னால் நான்.

வீங்கிய அலமாரிகள். மூடி திறவாத பியானோ.
அப்புறம் இது:
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம், வரைந்தவன் பெயரில்லை,
இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஆற்றங்கரை மாளிகை.
"ஏலத்தில் எடுத்தேன். மனைவிக்குச் சொன்ன விலை வேறு."

படத்தில் மழையே பெய்ததில்லை.
வெள்ளை வீடு, பதினேழு சன்னல்,
புல்வெளி சரிந்துபோய் ஆற்றைத் தொடுகிறது.
ஆறும் சொன்ன இடத்தில் நிற்கிறது,
சம்பளம் வாங்கும் ஆளைப் போல.
தூரத்தில் புல் வெட்டும் மூன்று பேர்.
குனிந்து பார்த்தேன். முகமில்லை.
ஆளுக்கு ஓர் ஒற்றுப் பழுப்பு, ஒரு புள்ளி வெள்ளை.
சன்னலுக்கு மட்டும் நாலு கோடு, மெனக்கெட்டு.

இப்போது பினாங்கு ஆற்றின் சேறு
சட்டத்தில் ஏறி, கித்தானில் ஊறி,
படத்து ஆற்றின் கரையை ஒரு விரல் தாண்டி
அந்த மூவரின் முழங்காலில் நிற்கிறது.
வீட்டுப் படியை இன்னும் தொடவில்லை.

படிவம் கேட்கிறது:
சொத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள தூரம்?
நாடாவை வைத்தேன். பதினொரு சென்டிமீட்டர்.
கூ சிரித்தார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறு போட்டதை அளப்பது என் பிழைப்பு.
காலையில் காரை நிறுத்திய இடத்தில்
ஞானசௌந்தரி மெத்தையை வேலியில் காயப் போட்டிருந்தாள்.
அவள் பலகைச் சுவரில் கோடு என் நெஞ்சுயரம்.
காப்புறுதி இல்லை, ஆகவே படிவமும் இல்லை.
"நீங்க அளக்க வந்தவங்களா?" என்றாள்.
அடுத்த தெரு என்றேன்.

"துடைத்தால் போகுமா?"
போகும் என்றேன். கோலாலம்பூரில் ஆள் இருக்கிறார்,
பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுப்பார், மாதக்கணக்கில்.
ஆனால் அந்த மூலையில் வண்ணம் மெலிசு.
சேறு வரும்போது அந்த மூன்று பேரும்
பஞ்சோடு வந்துவிடலாம்.

கூ கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து,
மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
"விலை வீட்டுக்குத்தானே?"

பகுதிச் சேதம், சீர்செய்யத்தக்கது
என்று கட்டத்தில் எழுதினேன்.
ஆட்களுக்குக் கட்டமில்லை.
ஓரத்தில், பென்சிலில், சின்னதாய்:
மூவர். தண்ணீரில் நிற்கிறார்கள்.