இறுதிப் பயன்

வெளியே எண்பத்தெட்டு சதவீத ஈரப்பதம்.
தரமணிச் சாலையில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது.
இரண்டு கதவு தாண்டி
காற்று உதறும் கூண்டில் கையைத் தூக்கிச் சுற்றி நின்றால்
உள்ளே நாற்பத்தைந்து.
சென்னையில் இப்படியொரு காற்று இருப்பது
சென்னைக்குத் தெரியாது.

மஞ்சள் விளக்கு. அசிட்டோன் வாடை.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு.
நிரோசாவுக்கு இடப்புருவத்தில் ஒரு வெட்டு,
அதை வைத்துத்தான் கூப்பிடுவேன்.

தங்கக் கம்பி இழுப்பவள் அவள்.
தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்.
சில்லில் ஒரு புள்ளி, பலகையில் ஒரு புள்ளி,
நடுவே ஒரு வளைவு.
நான் இழுத்தால் பத்தில் இரண்டு அறும்.
"மூச்சை விட்டிட்டு இழுக்கோணும் அக்கா" என்பாள்.
கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவள்.
இந்த ஊர்த் தமிழையே பேசிக்கொண்டிருப்பவள்
வேலை மும்முரத்தில் மட்டும்
அம்மாவின் தமிழுக்குப் போய்விடுவாள்.

அப்போது பணம் கைப்பேசிக் கோபுரத்துக்காக வந்தது.
அது நின்றது.
பேராசிரியர் நான்கு முறை டில்லி போனார்.
ஐந்தாம் முறை திரும்பும்போது இனிப்பு வாங்கி வந்தார்.
நான்கு கோடியே இருபது லட்சம்.
செத்துக் கிடந்த குளிரூட்டி ஓடியது.
என் ஏழு மாத உதவித்தொகை ஒரே நாளில் ஏறியது.
பொய் சொல்ல மாட்டேன்,
அன்று வேளச்சேரியில் எல்லோருக்கும் பிரியாணி நான்தான்.
நிரோசா முட்டையை எனக்குத் தள்ளினாள்.

பிறகு படிவம் வந்தது.
எனக்கு இருபது நிமிஷம்.
அவள் ஆறாம் கட்டத்தில் நின்றாள்: குடியுரிமை.
"வெறுமையா விடலாமா?"
விட்டால் கணினி ஏற்கவில்லை.
பட்டியலில் நூற்றுத் தொண்ணூற்றைந்து நாடுகள் இருந்தன.
ஆப்கானிஸ்தானிலிருந்து ஜிம்பாப்வே வரை
மெதுவாக உருட்டிப் பார்த்தாள்,
கடையில் விலை கேட்காமல் சேலை பார்ப்பதுபோல.

திங்கட்கிழமை அவள் அட்டைக்குக் கதவு சிவப்பு காட்டியது.
எல்லோரும் வருந்தினோம்.
உள்ளே வேலை இருந்தது.

சில்லு என்ன செய்யும் என்றால்
அலையின் இரைச்சலுக்குள் கிடக்கும் சின்னப் படகைப்
பிரித்துக் காட்டும்.
கோவளத்தில் சோதனை.
ஃபைபர் படகு, வாடகை ஆயிரத்தெண்ணூறு, டீசல் தனி.
சூசை அண்ணன் ரசீது தரமாட்டார்.
தணிக்கைக்கு என்ன எழுதுவது என்று நான் குழம்புகையில்
அவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய் எஞ்சினை அணைத்திருந்தார்.
திரையில் ஒரு பச்சைப் புள்ளி.
மறைந்தது. வந்தது.
நின்றது.
கைதட்டினோம்.

கரையேறியதும் கேட்டார்:
"நான் தெரிஞ்சேனா?"
தெரிஞ்சீங்கண்ணே.
"எவ்ளோ தூரத்துல இருந்து?"
அதைச் சொல்லக் கூடாது.
"நான்னு தெரிஞ்சுதா, இல்ல, படகுன்னு தெரிஞ்சுதா?"
தலைவர் அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து பத்தொன்பது பேர்
விளக்கணைத்து,
பிள்ளைகளின் வாயைப் பொத்தி வந்த கதையை
ஒருமுறை கேண்டீனில் சொல்லியிருக்கிறாள்,
வடையைப் பிட்டுக்கொண்டே.
திரும்பும் வழியில் வண்டிக்குள்
அது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பயன்பாட்டுச் சான்றிதழ் நிரப்புகிறேன்.
தங்கக் கம்பிக் கணக்கில் கால் கிராம் உதைக்கிறது.
இறுதிப் பயன் என்ற கட்டத்தில்
'சிறு இலக்கு கண்டறிதல்' என்று எழுதினேன்.
எழுத்துப்பிழை இல்லை.
கோவளத்தில் ஓடியது பதினேழாம் சில்லு.
நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும்,
எங்கள் வளைவுகளைவிட ஒரு பிடி உயரம்.
அவள் கை.

திருமழிசையில் எல்இடி பல்பு ஒட்டும் கம்பெனியில்
இப்போது அவளுக்கு இரவு ஷிஃப்ட்.
பதினொன்றரைக்கு வாட்ஸப் வந்தது:
"அக்கா, பதினேழு வேலை செய்துதா?"

தட்டினேன். அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.
ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினேன்.

இரண்டு கோடும் உடனே நீலமாயின.