கோடு தொட்டால்

வாரத்தில் ஐந்து நாள் நான் நில அளவர்.
சங்கிலியும் வரைபட நகலுமாய்
கண்டனூர், பள்ளத்தூர், கோட்டையூர் என்று
அடுத்தவர் வேலிகளில் நிற்பேன்.
மாதத்தில் ஒரு ஞாயிறு வில்வித்தை நடுவர்:
வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில்,
பையில் பூதக்கண்ணாடி.

பழைய விமான ஓடுதளம்.
சிமெண்டு வெடித்த இடமெல்லாம் கொளுஞ்சி.
அறுபது மீட்டருக்குச் சுண்ணாம்பு போட்டவன்
ஐம்பத்தொன்பதே முக்காலில் நிறுத்தியிருந்தான்.
டேப் பிடித்தேன், அழித்தேன்,
திரும்பப் போட வைத்தேன்.
தொழில் புத்தி.

பெண்கள் இறுதிச் சுற்று.
புதுவயல் சபுரா,
அரிசி ஆலை வேனில் உமியோடு வந்து இறங்கியவள்.
கோட்டையூர் நாச்சம்மை,
அவள் வில்லின் கைப்பிடி ஒரு கம்பெனி,
கிளைகள் இன்னொரு கம்பெனி,
தவணை இரண்டுக்கும்.
நாலு செட் முடிந்து நாலுக்கு நாலு.
ஐந்தாவதில் சபுரா இருபத்தேழு.
நாச்சம்மை ஒன்பது, எட்டு,
கையில் ஒன்று.

பச்சை விளக்கு. இருபது நொடி.
நாண் தாடையில் பதிந்து மூக்கைத் தொட்டு நின்றது.
கிளிக்கர் விழவில்லை.
பதினொன்று. பன்னிரண்டு.
மூச்சு பழசாகிவிட்டது, இறக்கிவிடு என்று
சொல்லக்கூடாத இடத்தில் நான்.
மூன்று நொடி மிச்சமிருக்க, டிக்.

அம்பு மீன்போல நெளிந்துதான் போகும்.
நேராகப் போகிறது என்பவர்கள்
பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள்.

பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு,
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.
அதன் ஓரத்தில் குத்தி நின்றது.
தொட்டால் பத்து; ஆட்டம் சமன், இன்னும் ஓர் அம்பு.
தொடாவிட்டால் சபுராவுக்குப் பதக்கம்,
எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"ஒன்பது" என்றாள் நாச்சம்மை, தன் அம்பைப் பார்த்து.
"பத்து" என்றாள் சபுரா.

என் காதில்தான் கோளாறோ என்றிருந்தது.
இருபத்திரண்டு வருடம்.
இந்த அடி அவன் பக்கம் என்று
எதிராளிக்காகச் சண்டை பிடித்த மனிதரை
எந்த சர்வே எண்ணிலும் நான் கண்டதில்லை.
கண்டனூரில் அண்ணன் தம்பி இருவருக்கு
கிணற்றின் நடுவே கோடு போட்டேன்.
வாளி யார் பக்கம் என்று மேல்முறையீடு போனார்கள்.

நல்ல குணம் என்று உடனே எழுதிவிட வேண்டாம்.
நாச்சம்மைக்குத் தோள்வலி,
முடிந்தால் போதும் என்று நின்றாள்.
சபுராவுக்குக் கை அடங்கவில்லை.
ஜெயிப்பதைவிட இன்னொரு அம்பு எய்ய ஆசை
என்றும் இருக்கலாம்.

குனிந்தேன்.
அம்பைத் தொடக்கூடாது. இலக்கைத் தொடக்கூடாது.
இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை.
அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.
கோடே இல்லை.
மிச்சமிருந்த வளைவைப் பிடித்து
கண்ணாலேயே இழுத்து முடித்தேன்,
அழிந்த வரப்பைக் கல்லிலிருந்து கல்லுக்கு
இழுப்பது போல.

"பத்து."

நடுவர் சொன்னால் முடிந்தது.
தாசில்தார் இல்லை, ஆர்.டி.ஓ. இல்லை,
மதுரைக் கிளை இல்லை.
சொன்ன பிறகும் அந்தச் சொல்
கொஞ்ச நேரம் தொண்டையிலேயே இருந்தது.

ஆளுக்கு ஓர் அம்பு.
காற்று செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது.
நாச்சம்மை எட்டு. சபுரா ஏழு.
அவ்வளவு நேர்மைக்குப் பிறகு
இவ்வளவு சுமாரான அம்புகள்.

சபுரா கை குலுக்கினாள். போட்டோவுக்கு நிற்கவில்லை.
அம்பைப் பிடுங்கும்போது கேட்டாள்:
"நெசமாவே தொட்டுச்சா மேடம்?"
"தொட்டுச்சு."
கிழிந்த தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

திங்கள் காலை மறுபடி கண்டனூர்.
இரண்டு பேரும் விரல் நீட்டினார்கள்,
அவரவர் பக்கம்.
முள்ளை விலக்கி, கல்லின் தலையில் மண்ணைத் துடைத்தேன்.
எந்தக் காலத்து சர்வேயரோ
உளியால் வெட்டிய அம்புக்குறி,
இன்னும் கிளம்பாமல்.
டேப்புக்காகப் பையில் கைவிட்டேன்,
பூதக்கண்ணாடி வந்தது.
சரி என்று அதையே வைத்துப் பார்த்தேன்,
இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை.
அண்ணனும் தம்பியும்
வாயை மூடிக்கொண்டு
குனிந்தார்கள்.