ஆண்கள் பத்தி

அந்தத் தீவின் பெயரை நான் சொல்லக் கூடாது.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
வரைபடத்தில் அதன்மேல் விரல் வைத்தால்
விரல்தான் தெரியும்.

லோயர் பரேலில் ஒன்பதாவது மாடி.
முன்பு நூற்பாலை; புகைபோக்கியை மட்டும்
அழகுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள்.
அதைப் பார்த்தபடி
முகம் தெரியாத ஆண்களைக்
கழித்துக்கொண்டிருக்கிறேன்.

நூறு ஆண் குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம்.
கதை மாதிரித்தான் தொடங்கும் எங்கள் கணக்கு.
ஐந்து வயதில் தொண்ணூற்றாறு.
முப்பதில் தொண்ணூறு:
கடல், மோட்டார் சைக்கிள், சனிக்கிழமை இரவு.
ஐம்பதில் எழுபத்தெட்டு.
அதற்குமேல் படியில்லை, சறுக்கல்.
சர்க்கரை, டப்பா இறைச்சி, நெஞ்சுவலி,
கப்பல் வந்தும் மருத்துவர் இறங்காத மாதங்கள்.
அறுபத்தைந்தின் வாசலுக்கு வந்து சேர்பவர்கள்
ஐம்பத்தெட்டுப் பேர்.

பக்கத்திலேயே பெண்கள் பத்தி.
எழுபத்து மூன்று.
நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடம்.
கீழே பெயர்ப்பலகையில் இருபத்துநான்கு வீடு,
இருபத்துநான்கும் ஆண் பெயர்.
நேற்று லிஃப்ட் வர நேரமானதில் எண்ணினேன்:
பதினொருவர் இல்லை.
வாஸ்வானி போய் ஆறு வருடம்.
கரன்ட் பில் அவர் பெயருக்கே வருகிறது,
தேதி தவறாமல் கட்டியும் விடுகிறார்.
பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழ் வேண்டும்,
பிரமாணப் பத்திரம் வேண்டும், அலைய வேண்டும்.
"இருந்துவிட்டுப் போகட்டுமே" என்கிறாள் லாஜ்வந்தி,
படத்துக்கு முன் பத்தியைக் கொளுத்திக்கொண்டே.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது,
விளக்கிச் சொல்ல முடியவில்லை.

நான்காம் மாடி செல்வநாயகம்
சாண்ட்ஹர்ஸ்ட் ரோடுக்கும் மஸ்ஜிதுக்கும் நடுவில்
வண்டியிலிருந்து விழுந்தபோது வயது நாற்பத்தேழு.
டிபன் டப்பாவைக்கூட மூடியோடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.
அன்றிரவு தூக்கம் வராமல், தொழில் புத்தி,
அவரை இந்த நகரத்தின் கணக்கில் கழித்துப் பார்த்தேன்.
புள்ளிக்குப் பின் ஐந்தாவது இடம் வரை
ஒன்றும் அசையவில்லை.
யாரிடமும் சொன்னதில்லை இதை.

செவ்வாய்க்கிழமை தெபாவுவிடமிருந்து மின்னஞ்சல்.
தீவின் புள்ளிவிவரத் துறை முழுவதும் அவர்தான்;
தபால் நிலையத்தையும் அவரே பார்த்துக்கொள்கிறார்.
"அம்மா, சிறு திருத்தம்.
போன வருடம் கடலில் காணாமல் போனதாக
நான் அனுப்பியவர்களில் ஒருவர்
பக்கத்துத் தீவில் கரையேறி
அங்கேயே இருந்திருக்கிறார்.
ஏன் சொல்லி அனுப்பவில்லை என்பதற்கு
சரியான பதில் இல்லை. காலில் புண், மற்றபடி சுகம்.
வயது அறுபத்துநான்கு.
பத்தியைச் சரிசெய்யவும்."

சரிசெய்தேன். ஒரு கட்டம், ஒரு எண்.
தட்டியதும்
அதற்குக் கீழிருந்த வரிசை முழுக்க மாறியது,
மேசைக்கு யாரோ வந்ததும்
எல்லோரும் நாற்காலியை நகர்த்திப் போடுவது மாதிரி.
ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்று என்பது
ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு ஆயிற்று.
வரைகோட்டின் வால் மயிரிழை உயர்ந்தது.
மீனைத் திருடித் தின்றோ, கடன்காரனுக்கு ஒளிந்தோ,
மனைவியோடு சண்டையோ, தெரியாது,
ஒரு கிழவர் ஒரு நாட்டையே
இவ்வளவு தூரம் தூக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால்
மாத்திரை அட்டையில் செவ்வாய்
குமிழ் உடையாமல் இருந்தது.
"போட்டாச்சு" என்கிறார்
தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.
அடுத்த மாதம் அவருக்கும் அறுபத்துநான்கு.
உடைத்து, தண்ணீரோடு முன்னால் வைத்தேன்.
சண்டை போடவில்லை.
"என்ன, இன்றைக்கு நல்ல மூடா?" என்றார்.

படுக்கப் போகும்போதுதான் உறைத்தது,
தெபாவுக்கு நன்றி எழுதவில்லை.
எழுதும்போது, உங்களுக்கு என்ன வயது
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
தெரிந்தால்
பத்தியில் தேடிப் பார்ப்பேன்.